விலைக்குப் போன இடைவெளி

தியாகராய நகர்க் கட்டடங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் வரன்முறைப்படுத்தும் ஏற்பாட்டுக்குப் பரிந்து ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. விதி மீறிக் கட்டியதையெல்லாம் இடிப்பது நடவாத காரியம். ஆகையால் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரித்துவிடுவதே விவேகம். சர்க்காருக்கு வருமானம், வியாபாரிக்கு நிம்மதி, ஜனங்களுக்கு மலிவான சரக்கு என்பது அதன் சாரம். 2007 ஜூலை முதல் தேதிக்குள் கட்டியவற்றுக்கு மட்டும் என்று சட்டம் வகுத்த எல்லையை இன்னும் சில ஆண்டுகள் நகர்த்தித் தரவேண்டும் என்று கேட்பவர்களும் இதே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு இதமான இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திட்ட அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. மீறலை அறியாமல் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டு, பிறகு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த குடும்பங்கள் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் உண்டு. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வரும் எளிய குடும்பம் அங்கேதான் கட்டுப்படியாகும் விலையைக் காண்கிறது. விதிகளே கஞ்சத்தனமாக இருந்தன என்பதிலும் ஓரளவு வாஸ்தவம் உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்று வரையறுக்கும் தளப்பரப்புக் குறியீட்டை, சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. எல்லோருக்கும் பொதுவாக, இனிமேல் கட்டப்படுவதற்கென்று வெளிப்படையாகச் செய்யப்பட்ட அந்தத் திருத்தத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

வரன்முறையின் சரித்திரமோ வேறு விதமானது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டபோது, 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு மட்டும் ஒரே முறை காட்டும் தயவு என்றுதான் அது அறிமுகமாயிற்று. உச்ச நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றதும் அந்த அளவில்தான். ஆனால் எல்லைத் தேதி 2000, 2001, 2002 என்று ஆண்டுதோறும் முன்னே நகர்ந்தது. அந்த நீட்டிப்புகள் செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளிக்க, 2007இல் ஓர் அவசரச் சட்டம் வந்து கட்டடங்களைக் காத்தது. 2011 அக்டோபர் இறுதியில் தியாகராய நகர்க் கடைகள் பல முத்திரையிடப்பட்டு, சில மாதங்களில் உச்ச நீதிமன்ற உத்தரவினால் மறுபடி திறந்தன. 2012இல், 2007 ஜூலை முதல் தேதியை எல்லையாக வைத்து, 113-சி என்று இன்னொரு பிரிவு பிறந்தது. ஒரே முறை என்று சொன்ன வார்த்தை இத்தனை முறை மாறியதைக் கண்ட வியாபாரி, அடுத்த மாடியை எழுப்பும்போது அபராதத்தையும் சிமெண்டு, கம்பியோடு சேர்த்துச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டால் அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆயினும் நெடுநாளாக என் மனத்தில் உள்ள ஆட்சேபம் இதனினும் அடிப்படையானது. மனையின் எல்லைச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடவேண்டிய பக்க இடைவெளி யாருடைய பாத்தியதை? நிலம் உரிமையாளரின் பத்திரத்தில் அடங்கியது என்பது சரியே. ஆனால் அதைக் கட்டாமல் விடும்படி சட்டம் கட்டளையிட்டது, அடுத்த வீட்டுச் சன்னலுக்குக் காற்றும் வெளிச்சமும் வரவேண்டும், மழைநீர் மண்ணில் இறங்கவேண்டும், தீப்பிடித்தால் உள்ளே சிக்கியவர் வெளியேறவும் அணைக்க வருபவர் உள்ளே நுழையவும் வழி இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளியின் பயனுக்கு உரியவர்கள் அண்டை வீட்டார். மூன்றாம் மாடியில் நாள் முழுவதும் நின்று புடவை மடிக்கும் பெண். ஏணியும் குழாயுமாக ஓடிவரும் தீயணைப்பு வீரர். இவர்கள் சார்பில் அதைக் காக்கும் பொறுப்பு மட்டுமே சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தாவாக இருப்பவர் அதைத் தம் சொத்தைப்போல் விலைபேசலாகாது என்பதை மயிலாப்பூர்வாசிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வரன்முறையில் நடப்பதோ அந்த விலைபேசலேதான்: பணம் கஜானாவுக்குப் போகிறது, அண்டை வீட்டுக்காரருக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை, அவர் இழந்த வெளிச்சமும் திரும்புவதில்லை.

தீப்பாதுகாப்புச் சான்று கட்டாயம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதாதா என்பார்கள். சான்றிதழ் ஒரு கட்டடத்தை ஓர் அடிகூட விலக்கி வைக்காது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31ஆம் தேதி அதிகாலையில் உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மூண்ட நெருப்பு மறுநாள் வரையில் அடங்கவில்லை; கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, எஞ்சியதையும் இடித்துத் தள்ள நேர்ந்தது. தீயின் காரணம் எதுவாயினும் இருக்கட்டும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீதியில் அதை அணைப்பது எத்தகைய பாடு என்பதை நகரம் முழுவதும் பிரத்தியட்சமாகக் கண்டது. 113-சி பிரிவின்கீழ் வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அந்த நெருப்பு அடங்கிய சில வாரங்களுக்குள். அந்த அவசரத்தை என்னால் இன்றும் மன்னிக்க இயலவில்லை.

இத்தனைக்கும் தியாகராய நகர், கட்டுப்பாட்டையே அறியாமல் தானே முளைத்த சந்தையன்று. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் வழியில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து அகன்ற சாலைகளும் தோட்டத்தோடு கூடிய மனைகளுமாக வகுக்கப்பட்ட பேட்டை அது. அன்று மனைக்குள்ளேயே விடப்பட்ட வெளியை ஒவ்வொரு கடையாக விழுங்கியபின், அதனால் ஏற்பட்ட நெரிசலுக்குப் பரிகாரம் பொதுப்பணத்தில் தேடப்படுகிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரையில், சுமார் 570 மீட்டர் நீளத்தில் 2023இல் திறந்த ஆகாய நடைபாதை ஜனங்களுக்குப் பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் தரையில் இருக்கவேண்டிய இடத்தை இழந்தவர்கள், தங்கள் வரிப்பணத்தைக் கொண்டே ஆகாயத்தில் இடம் தேடவேண்டி வந்தது எப்படி நியாயமாகும்?

விதிப்படி கட்டி, இடைவெளி விட்டு, அதனால் ஒரு தளத்தின் வாடகையை இழந்த வியாபாரியும் அதே வீதியில் இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்திலெல்லாம் சரக்கை அடுக்கி, விலையைக் குறைத்து விற்று, சம்பாதித்த லாபத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்திச் சட்டத்தின் ஆசியையும் பெற்றுவிட்டால், சொன்னபடி நடந்தவருக்கு எந்தச் சட்டப்பிரிவு நஷ்டஈடு தரும்?

ஏற்கெனவே நிற்பவற்றுக்கு வழி என்ன என்று கேட்பது தகும். பக்கத்துச் சுவர் வரை நீண்ட பகுதியைத் தரைத்தளத்திலேனும் வெட்டி விலக்கட்டும். அனுமதிக்கு மேற்பட்ட தளங்களிலிருந்து சரக்கையும் ஆட்களையும் கெடு வைத்துக் கீழிறக்கட்டும். வசூலாகும் தொகை அந்தத் தெருவின் தீயணைப்பு நீர்க்குழாய்களுக்கும், வெளிச்சம் இழந்த அண்டை வீட்டாருக்கும் போகட்டும். இதற்கு இசையாதவரிடம் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு எல்லைத் தேதியை நகர்த்தும் மசோதா, எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், சட்டசபையில் தோற்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.