பைபாஸுக்குச் செலவில்லை, மாத்திரைக்குப் பஸ் செலவு

முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. இதய அறுவை சிகிச்சை முடிந்து கைக்காசு செலவில்லாமல் வீடு திரும்பியவர் அதைக் கையெடுத்துக் கும்பிடுவார். சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏறுகிறவர் அலுத்துக்கொள்வார். இருவர் சொல்வதும் உண்மைதான். பெரிய நோய்க்கு இவ்வளவு தாராளமாக இருக்கும் திட்டம் சிறு நோய்க்கு ஏன் இப்படி அலைக்கழிக்கிறது? திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், கோட்டை மலையின் அடியில் இருக்கும் பெருமுக்கல் போன்ற ஊரில் நின்று பார்த்தால் விடை புலப்படும்.

முதலில் பலத்தைப் பார்க்கலாம். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் ஒரே ஒரு முறை பணம் கட்டினால் ஆயுள் முழுவதும் சிகிச்சை. 2017 டிசம்பரில் நிர்ணயித்தபடி, ஹவில்தார் வரை 30,000 ரூபாய், சுபேதார் நிலையினருக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், வருமான வரம்புக்குள் வரும் பெற்றோர் எல்லோருக்கும் இதில் இடமுண்டு. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. வயது வரம்பும் கிடையாது.

தனியார் காப்பீட்டோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் அதன் உச்சத்தை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்ததே பெரிய சலுகை. இ.சி.எச்.எஸ்.ஸில் அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து பழைய நோய்க்கும் சிகிச்சை உண்டு. அறுபது வயதில் இதற்கு ஈடான ஒன்றைச் சந்தையில் வாங்க முடியாது.

ஆனால் இதன் விலை வெறும் 30,000 அல்ல. உறுப்பினரானவருக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி நின்றுவிடும். இருபது ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,40,000 ரூபாய். வெளிநோயாளியாக டாக்டரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் கொடுக்கப்பட்ட படி அது. ஆகவே, அதை விட்டுக்கொடுத்தவர் மாத்திரை எளிதாகக் கைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். திட்டம் சறுக்குவதும் அந்த இடத்தில்தான்.

எல்லாம் இத்திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கில் தொடங்குகிறது. நாடு முழுவதும் நானூற்றுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. அவற்றை நம்பியிருப்போர் அரைக் கோடிக்கும் மேல். தாம்பரம், வேலூர், புதுச்சேரி போன்ற நகரங்களில் இருப்பவருக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. பெருமுக்கல்காரருக்கு ஒரு நாள் வேலை. அங்கே டாக்டரைப் பார்த்து, ரெஃபரல் சீட்டு வாங்கி, அதன் பிறகே அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். வழக்கமான மாத்திரை பொதுவாக ஒரு மாத அளவுக்குக் கிடைக்கும். அதிலும் சில இருப்பில் இல்லை என்றால் வெளியே வாங்கி, ரசீது கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. நானூறு ரூபாய் மாத்திரைக்கு அவ்வளவு காகிதம் சுமக்க எத்தனை பேருக்குத் தெம்பிருக்கும்? 2015-இல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே மருந்துத் தட்டுப்பாட்டையும், சில தனியார் மருத்துவமனைகள் கூடுதலாகப் பில் போட்டதையும் சுட்டிக்காட்டியது.

தனியார் மருத்துவமனைகள் தரப்பிலும் குறை உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். நிர்ணயிக்கும் கட்டணம்; அது 2014-க்குப் பிறகு பெரிய அளவில் திருத்தப்பட்டது 2025 அக்டோபரில்தான். பணமும் தாமதமாக வரும். பழைய கட்டணத்தையும் தாமதத்தையும் பொறுத்துக்கொண்ட மருத்துவமனை இ.சி.எச்.எஸ். நோயாளியைக் கடைசி வரிசையில் வைத்தால் வியப்பில்லை. இந்தச் சிக்கல் நகரத்துக்கும் பொது. ஆனால் நகரத்தில் ஒன்று மறுத்தால் அடுத்தது இருக்கும். திண்டிவனம் வட்டாரத்தில் அடுத்தது புதுச்சேரியிலோ சென்னையிலோதான்.

அவசரம் என்றால் விதி இளகுகிறது. எந்த மருத்துவமனைக்கும் போகலாம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடமென்றால் முதலில் கைப்பணம் கட்ட வேண்டும். பின்னர் திரும்பி வருவதும் சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்கே. வீட்டில் கணவர் மட்டுமே அறிந்த விதி இது என்றால், அவர் மயங்கிக் கிடக்கும்போது அதனால் பயனில்லை. மனைவிக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே வட்டாரத்தில் மாநில அரசு என்ன செய்கிறது என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே ஆண்டு டிசம்பரில், திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இவை முன்னாள் ராணுவத்தினருக்கும் உண்டு. மாத மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு, பெரிய சிகிச்சைக்கு இ.சி.எச்.எஸ்.ஸை வைத்துக்கொள்வதே விவரம்.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து இன்னொரு கேள்வி எழுந்தது. ஆயுஷ்மான் பாரத் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கு மாறலாமா? இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அது மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே உதவும். 5 லட்சம் தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். வெளிநோயாளிச் சிகிச்சையும் உச்சவரம்பில்லாப் பாதுகாப்பும் உள்ள திட்டத்தை அதற்காக விடுவது நட்டம்.

குறையைத் தீர்க்கும் முயற்சியும் நடந்தது. 2021 மே மாதம் 'சேஹத்' தொலைமருத்துவம் வந்தது. திரையில் டாக்டரைப் பார்க்கலாம். மாத்திரை திரை வழியே வராது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 2019 முதல் அங்கே ஒரு வரையறை உண்டு: சாதாரணச் சிகிச்சைக்கு முன்னாள் வீரர் சராசரியாக 30 நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால், அரசுச் செலவிலேயே பக்கத்துத் தனியார் டாக்டரிடம் போகலாம். அந்நாட்டின் பணபலம் நமக்கில்லை. ஆனால் தூரத்தை ஓர் அளவுகோலாக ஏற்க அவ்வளவு பணம் வேண்டியதில்லை. பயண நேரம் ஒரு வரம்பைத் தாண்டினால் மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுக்கலாம். அல்லது உள்ளூர் அரசு மருத்துவமனை டாக்டரின் சீட்டையே ரெஃபரலாக ஏற்கலாம். திண்டிவனம் அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கும் பகுதியில் இது நடக்காத காரியமல்ல.

இன்னொரு விடுபடல் விரைவில் பெரிதாகத் தெரியப்போகிறது. 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து நான்கு ஆண்டில் வெளியேறுகிற இளைஞர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். தாண்டினால் அவர் பாடு அவருக்கு.

ஆக, இ.சி.எச்.எஸ். கைவிடக் கூடாத திட்டம்; இப்படியே விட்டுவிடவும் கூடாத திட்டம். அது உயிரைக் காப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஆனால் பைபாஸ் வரை போகவிடாமல் தடுப்பது அந்த மாத மாத்திரைதான். அதைத் தூரத்தில் வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு லட்சங்களைக் கொடுப்பது, நோயாளிக்கு மட்டுமல்ல, அரசுக்கும் வீண் செலவு.