விலையில்லாக் கதைகள்

"நல்ல கதைகளைப் படிக்க ஆவல் உண்டு, நூல் வாங்கத்தான் காசில்லை" என்று ஏங்கும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏக்கம் நியாயமானதே. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தருமசூத்திரம் கோலோச்சிய நாடன்றோ இது! அந்தப் பூட்டை உடைத்தோம். விலை என்னும் பூட்டு இன்னும் தொங்குகிறது. ஆயினும், திறந்தே கிடக்கும் அறைகளும் உண்டு. அவற்றுள் நுழையாமல் வாயிலில் நின்று வருந்துவது அறிவுடைமை ஆகாது.

அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆயின. இனி அவை எவருக்கும் சொந்தம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஆர்வலர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இவர்களுடைய படைப்புகளைச் செலவின்றிப் படிக்கலாம். எதை முதலில் படிப்பது? மூன்று கதைகளை நாம் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, அண்ணாவின் 'செவ்வாழை'. ஏழை உழவன் செங்கோடன் ஒரு கன்றை நட்டுப் பெற்ற பிள்ளைபோல் வளர்க்கிறான். குழந்தைகள் நாளெண்ணிக் காத்திருக்கின்றன. குலையோ பண்ணையார் வீட்டுக்குப் போகிறது. பின்னர் அதே பழம் கடையில் விலைக்குத் தொங்குகிறது. வளர்த்தவன் மகன் காசோடு ஓடுகிறான், காசு போதவில்லை! உழைப்பு ஒருவனுக்கு, பயன் வேறொருவனுக்கு என்பதை விளக்கப் பொருளியல் நூல்கள் நூறு பக்கம் எழுதும். அண்ணாவுக்கு ஒரு வாழைக்குலை போதுமானதாக இருக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இது தொழிலாளர் உலகின் அன்றாட நிகழ்ச்சி என்று முடிவில் ஆசிரியரே கூறிவிடுகிறார். சிறுவன் ஏமாந்தபோதே அதை நாம் உணர்ந்துவிட்டோம். சொல்லாமல் விட்டிருந்தாலும் கதை பேசியிருக்கும். அண்ணாவிடமா குறை காண்பது என்று சினங்கொள்ளும் தோழர்களுக்கு நம் விடை இது: ஆராய்ந்து ஏற்கக் கற்பித்த இயக்கம் நம்முடையது. ஆராயாத புகழ்ச்சி பஜனையில் போய் முடியும்.

இரண்டாவது, 1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. அம்மாளு மில் கூலி. வண்டியோட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. இருட்டுச் சந்தில் அவள் ஈட்டிவருவது முக்கால் ரூபாய். கற்பைப் பற்றி வாய் கிழியப் பேசுவோரை ஆசிரியர் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார். வறுமையை வளரவிட்டு, வறியவளின் ஒழுக்கத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் சமுதாயத்துக்கு அதைவிடக் கடுமையான அடி வேண்டுமோ?

மூன்றாவது, அவருடைய 'சாபவிமோசனம்'. இராமன் காலடித் தூளியால் பெண்ணுருப் பெற்ற அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று அறிகிறாள், மீண்டும் கல்லாகிறாள். அவளுக்கு ஒரு நீதி, இவளுக்கு ஒரு நீதியா? மேடையில் நாம் ஒரு மணி நேரம் வாதாடும் வழக்கை, புராணப் பெண்ணையே சாட்சியாக்கி முடித்துவிடுகிறார்.

"புதுமைப்பித்தன் நம்மவர் அல்லரே! நோயைக் காட்டுகிறார், மருந்து கூறவில்லையே!" என்பர் சிலர். உண்மைதான். அவர் நம்பிக்கை ஊட்டுவதில்லை. சில இடங்களில் கசந்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் நோயை மறைத்து இன்பக் கதை புனைந்தவர்களைக் காட்டிலும், புண்ணைத் திறந்து காட்டியவர் நமக்கு நெருங்கியவர். மருந்து தேடுவது படித்தவர் கடமை.

தோழர்களே! வாரம் ஒரு கதை. படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத முதியோரும் வேலை முடித்து வரும் பெண்களும் கேட்கட்டும். பிறகு அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். செங்கோடனையும் அம்மாளுவையும் நம்மைவிட அவர்கள் நன்கறிவார்கள். விலை கொடுக்காமல் பெற்ற செல்வத்துக்கு நாம் பட்ட கடன் அதுதான்.