கார்டு காணவில்லையா? முதலில் பென்டிரைவைச் செருகுங்கள்

சுவாமிமலை ஸ்தபதி, சிலையின் விரல் கோணலாக இருந்தால் மெழுகிலேயே திருத்திவிடுவார். வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றிய பிறகு திருத்துவது பெரும்பாடு. லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு காணாமல்போனால் மட்டும் நாம் எடுத்ததுமே நெருப்பைத் தேடுகிறோம்: ‘சிப்பைச் சூடு காட்டினால் சரியாகிவிடும்.’ பெரும்பாலான லேப்டாப்களில் அது கழற்றி மாட்டும் கார்டே அல்ல, மதர்போர்டில் பற்றவைத்த சிப். அதில் கைவைக்கும் முன் கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு நான் கண்டவரை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய ஒரு 16 ஜிபி பென்டிரைவை மிஞ்சிய கருவி இல்லை.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் கோட் 43 என்று காட்டும். சாதனம் பழுது சொல்கிறது என்பதற்கு மேல் அதில் விவரம் இல்லை. டிரைவர் கெட்டாலும் அதே எண், சிப் கெட்டாலும் அதே எண். பென்டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவாமலே திறந்து, டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் கொடுத்தால் மதர்போர்டில் பதில் சொல்லும் சாதனங்கள் வரிசையாக வரும். இன்டெல் வரிக்குக் கீழே என்விடியா வரியும் இருந்தால் சிப்புக்கு உயிர் இருக்கிறது. விண்டோஸில் பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளால் துடைத்துவிட்டு, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாகப் போடலாம். லினக்ஸ் நமக்குப் பழக்கமில்லையே என்பார்கள். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்த தலைமுறைதானே இது!

வலுவான ஆட்சேபம் வேறு. லினக்ஸிலும் அந்த வரி வரவில்லையென்றால் சிப் செத்துவிட்டதா? இல்லை. ஏசுஸ் போன்ற சில லேப்டாப்களில் ‘ஈகோ’ முறை கார்டை அடியோடு அணைத்துவிடும். நல்ல கார்டும் எந்த இயங்குதளத்துக்கும் தெரியாது. ஆகவே அந்த அமைப்பையும் பயாஸையும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். இதற்குப் பிறகும் வரி வராவிட்டால்தான் வன்பொருள்மேல் சந்தேகம். வரி வந்தும், கேம் திறந்ததும் திரை கோடுகோடாகக் கலைந்தால் அங்கேயும் சந்தேகம் சிப்மேல்தான்.

சூடு காட்டிப் பிழைத்த லேப்டாப்கள் உண்டே என்றால், உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, சில லேப்டாப் சிப்களின் பொதிப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அவற்றில் பழுதானது சிப்புக்குள் இருந்த நுண்ணிய இணைப்பு. சூட்டில் அது தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். வேலைச் சூடு ஏறி இறங்க மறுபடி விட்டுப்போகும். வெளிப் பற்றுக்குண்டுகளை மாற்றும் ரீபாலிங்கும் உள்ளே எட்டாது. ஹீட் கன்னுக்குக் கொடுக்கும் பணம் சில வாரத் தவணைக்குத்தான். கணக்கும் கடிதமும் மட்டுமே வேலை என்றால், உள்கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் பழுதான கார்டை முடக்கிவிட்டு உள்கிராபிக்ஸிலேயே ஓட்டலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சிலை வரைபவருக்கு அது போதாது. அவர் மதர்போர்டு விலையை விசாரித்துவிட்டு, புது லேப்டாப்பின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.