கரும்பும் புகழும்: அறிவியற் பெண்டிர் வாழ்க்கை வரலாறுகள் பற்றிய ஒரு திறனாய்வு

அறிவியல், பொறியியல் துறைகளில் பணியாற்றிய பெண்டிரைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் வாழ்க்கைக் குறிப்புகள் இக்காலத்துப் பெருகியுள்ளன. பாடநூற் பகுதியாகவும், சிறுவர் நூலாகவும், மலர்க் கட்டுரையாகவும் அவை வருகின்றன. பெருக்கம் மகிழ்தற்குரியதே. எனினும், வாழ்க்கை வரலாறு இலக்கியத்தின் ஒரு வகையெனின், அவ்வகைக்குரிய அளவுகோல் கொண்டு இவற்றையும் அளத்தல் வேண்டும். அளக்குங்கால் ஒரு குறை முன்வந்து நிற்கின்றது. இக்குறிப்புகளில் பெரும்பாலானவற்றுள் அப்பெண்மணியார் இருக்கின்றார். அவர் செய்த தொழில் இல்லை. இதனைத் தாவரவியலறிஞர் இ. கே. ஜானகி அம்மாள் (1897–1984) ஒருவரை முதன்மையாகக் கொண்டு ஆராய்வோம்.

தலைச்சேரியிற் பிறந்த இவ்வம்மையார் சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆசிய மகளிர்க்கென ஏற்பட்ட உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1931-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியல் ஆராய்ச்சி செய்தார். அரை நூற்றாண்டு நீண்ட ஆராய்ச்சி வாழ்வில் இவை ஐந்தாண்டுகளே. ஆனால், இவ்வைந்தாண்டிலிருந்து எடுத்த ஒரு தொடர் அவர்தம் வாழ்வு முழுமைக்கும் தலைப்பாகிவிட்டது. இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டிய அம்மையார் என்பதே அது.

இத்தொடரைக் கேட்டவுடன் புறநானூறு பயின்றார்க்கு ஒரு நினைவு எழாமற் போகாது. அதியமான் நெடுமானஞ்சியைப் பாடும் ஔவையார், அவன் முன்னோர் கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்த செய்தியைத் தொண்ணூற்றொன்பதாம் பாட்டில் வைத்துப் பாடினார். ஒரு பயிர் நாடுவிட்டு நாடு வரும் வரலாறு நெடியது. பல கைகள் பட்டது. அதனை ஒரு குடியின் கொடையாகக் காட்டுதல் புகழ்ப்பாட்டிற்கு உரிமை. பாட்டிற்கு அஃது அழகு செய்யும். அதே உரிமையை உரைநடை வரலாறு எடுத்துக்கொள்ளுங்கால் ஆண்டுக்கணக்கு குறுக்கே நிற்கின்றது.

கோயம்புத்தூர் நிறுவனம் 1912-இல் தோன்றியது. சி. ஏ. பார்பர், அவர்க்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் அங்கே கரும்பினங்களைக் கலந்து புதுவகை கண்டனர். இனிப்பு மிக்க நாட்டுக்கரும்போடு, நாணல்போல் ஆற்றங்கரையில் வளரும் காட்டுக்கரும்பைக் கலந்து பெற்ற ‘கோ 205’ என்னும் வகை 1918-இல் வெளியாயிற்று. ஜானகி அம்மாள் அந்நிறுவனத்திற் சேர்ந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் பின்னர். மற்றொன்றும் நோக்கத்தக்கது. இக்கலப்பில் காட்டினம் தந்தது இனிப்பன்று. குளிரையும் நோயையும் தாங்கும் வன்மை. இனிப்பு முன்னரே கரும்பில் இருந்தது. ஆகவே, இனிப்பூட்டினார் என்னும் தொடர் ஆளையும் பிழைபடக் காட்டுகின்றது. அறிவியலையும் பிழைபடக் காட்டுகின்றது.

பின், அவர் செய்தது யாது? குரோமோசோம்களை எண்ணினார். இவ்விரண்டு சொற்களில் அடங்கிய உழைப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். செல் பிளவுறும் தறுவாயில்தான் குரோமோசோம்கள் தனித்தனியே புலப்படும். அத்தறுவாயைப் பிடித்து நிறுத்தி, நிறமேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கண்டதை வரைந்து எண்ண வேண்டும். மனிதச் செல்லில் அவை 46, நாட்டுக்கரும்பில் 80, கலப்புக் கரும்புகளில் நூற்றையும் கடக்கும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இரண்டு ஒன்றெனத் தோன்றும். காட்டுக்கரும்பிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கையே வேறுபடும். ஓர் ஏட்டை எட்டுப் பிரதிகளோடு ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த அனுபவம் உடையார் இவ்வுழைப்பின் இயல்பை எளிதில் உணர்வர். இவ்வேறுபாடுகளைக் கணக்கிட்டால்தான், எவ்வினம் எதனோடு உறவுடையது, எக்கலப்பு நிலைக்கும், எது மலடாகும் என்று கூற இயலும். கரும்பை வேறு பேரினத்துப் புல்வகைகளோடும் அம்மையார் கலந்து பார்த்தார். மக்காச்சோளத்தோடு கலந்தது பற்றிய அவரது குறிப்பு 1938-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அக்கலப்பு வயலுக்கு வந்து விளைச்சல் தந்ததன்று. எத்துணைச் சேய்மையில் நிற்கும் இரு பயிர்கள் கூட முடியும் என்ற வினாவிற்கு அது விடை தேடியது. வினாவைச் சொல்லாமல் விடையின் இனிப்பை மட்டும் சொல்லும் எழுத்தை அறிவியல் வரலாறு என்று எங்ஙனம் கொள்வது?

இளையோர்க்கு எழுதுங்கால் மனத்திற் பதியும் ஒரு தொடர் வேண்டாவோ என்று கேட்பார் உளர். வேண்டும். ஆயினும் அத்தொடர் படிப்பவரை எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்பதே நம் கவலை. முதுகலை வகுப்பில் மரபியல் பயிலும் ஒரு பெண், கரும்பை இனிக்கச் செய்தவரைப் போல் ஆகுக என்று கேட்டால் வியப்பாள், வியந்து அமைவாள். ஒருவர் ஐந்தாண்டு அமர்ந்து எண்ணினார், எண்ணியதை வெளியிட்டார், அதனைப் பிறர் எடுத்தாண்டனர் என்று கேட்டால், நாளைக் காலை ஆய்வுக்கூடத்தில் தான் செய்யக்கூடியது இன்னதென அறிவாள்.

அம்மையாரின் பிற்காலப் பணியும் இவ்வாறே மறைப்புண்டு கிடக்கின்றது. 1940 முதல் இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றினார். 1945-இல் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த பெருநூலை வெளியிட்டார். அது கதை சொல்லும் நூலன்று, நிகண்டு போல்வது. திவாகரரையோ பிங்கலரையோ நாம் நிகண்டு செய்தமைக்காகவே போற்றுகின்றோம். அவரைக் காப்பியப் புலவராக்கிப் போற்றுவதில்லை. அந்நூல் 1955-இல் விரிந்த பதிப்பாக வந்தபோது டார்லிங்டனுடன் இருந்த பெயர் வேறு. இம்மாற்றத்தை ஒரு வரியேனும் குறிப்பிடும் தமிழ்க் குறிப்பாசிரியர் அரியர்.

1946 முதல் 1951 வரை விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில், கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் தொகையை இரட்டிக்கச் செய்யும் ஆய்வை நடத்தினார். செல் பிளவுறுதலை அப்பொருள் இடையே நிறுத்திவிடும். இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கும். மக்னோலியாவில் செய்த இவ்வாராய்ச்சியின் நினைவாக ஒரு வகைக்கு அவர் பெயர் இடப்பட்டது. இக்கால்ச்சிசின் நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது என்பதை இடைப்பிறவரலாகக் குறிப்போம். காந்தளை மகளிர் விரலுக்கு உவமை கூறிக் கூறிப் பழகிய நமக்கு, ஒரு பெண்ணின் விரல்கள் அம்மலரிலும் உள்ள நஞ்சைத் துளியளவில் அளந்து விதைமேல் இட்டன என்னும் செய்தி புதிதாயிருக்கும்.

இனி, முதற்பெண் என்னும் மற்றொரு வாய்பாடு. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1943-இல் மின்பொறியியற் பட்டம் பெற்ற அ. லலிதா பற்றிய குறிப்புகளில், சான்றிதழில் அச்சாகியிருந்த ஆங்கில ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல் எழுதிய செய்தி தவறாது இடம்பெறும். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திற்கான மின்பொறியியற் பணியில் அவர்க்கிருந்த பங்கு அரைவரியிற் கழியும். தமிழில் அச்சான்றிதழ் எழுதப்பட்டிருப்பின் அடித்தல் திருத்தலுக்கு இடமே இருந்திராது. ‘அவர்’ என்பதே அமைந்திருக்கும். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இலக்கண நெறியன்று, வழக்கில் வந்த உயர்சொல் என்றார் தொல்காப்பியர். அவ்வழக்கின் பயனாக அறிஞர், பொறியாளர், ஆசிரியர் என்பன ஆண் பெண் இருவர்க்கும் பொதுவாயின. மொழி தந்த இப்பொதுமையை நாமே கைவிட்டுப் ‘பெண் பொறியாளர்’, ‘பெண் விஞ்ஞானி’ என அடைகொடுத்து எழுதுகின்றோம். வரலாற்றில் எண்ணிக்கை காட்ட வேண்டிய இடத்து அவ்வடை தேவை. ஒருவரின் ஆய்வை விளக்கும் இடத்து வெற்றெனத் தொடுத்தலாம்.

இடரை மட்டும் பேசும் குறிப்புகள் வேறொரு திறத்தன. அன்னா மாணி, பெங்களூரில் சர். சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து அளித்த ஆய்வேட்டிற்கு, எம்.எஸ்சி. பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. இஃது உண்மை, மறைத்தற்குரியதன்று. ஆனால், அவரே பின்னர் இந்திய வானிலைத் துறையில் ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அக்கருவிகள் இந்நாட்டிலேயே செய்யப்பட வழிகண்டதைச் சொல்லாமல், மறுப்போடு நின்றுவிடும் கட்டுரை, பட்டத்தை மறுத்தவர் வகுத்த எல்லையிலேயே நிற்பதாகும்.

ஜானகி அம்மாளுக்கு மீள்வோம். 1955-இல் பிரின்சுடனில், புவியின் முகத்தை மாந்தர் மாற்றியவாறு குறித்து நிகழ்ந்த கருத்தரங்கிற்கு அழைக்கப்பெற்ற பெண் அவர் ஒருவரே. இவ்வளவில் நம் குறிப்புகள் நிறைவுகொள்கின்றன. அங்கு அவர் அளித்த கட்டுரையோ இந்தியாவின் பிழைப்புப் பொருளியலைப் பற்றியது. 1956-இல் அக்கருத்தரங்கத் தொகுதியில் அச்சாயிற்று. குரோமோசோம் எண்ணிய கை, காட்டையும் குடியையும் பற்றி எழுதத் தொடங்கியது எவ்வாறு என்பதே அவர் வாழ்வில் நாம் காணும் பெருவினா. முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை அவர் எதிர்த்ததற்கு வேர் இங்குள்ளது. அவர் சென்னையில் மறைந்தது 1984 பிப்ரவரியில். அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில். இவ்விறுதிக் கால எதிர்ப்பைத் திடீரென எழுந்த வீரச்செயலாக எழுதுவோர், பல்லாண்டு முந்தைய அக்கட்டுரையைப் புரட்டியிருப்பின் வேறுவகையாக எழுதியிருப்பர். அதனைத் தமிழிற் பெயர்த்து, பயிர்ப்பெயர்களுக்கும் பழங்குடி வழக்குகளுக்கும் குறிப்புரை வரைந்து பதிப்பித்தல், நம் துறையில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் தாவரவியல் மாணவர் ஒருவரோடு சேர்ந்து ஓராண்டில் முடித்தற்குரிய பணியாகும்.