பாட்டி எந்த மொழியில் சொன்னாள்?

விருதுநகரில் சாத்தூர் பஸ் ஏறினால், சூலக்கரை தாண்டியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கண்டக்டரிடம் தமிழிலும் தங்களுக்குள் தெலுங்கிலும் பேசிக்கொண்டு யாராவது இரண்டு பெரியவர்கள் வரக்கூடும். ஆந்திராவுக்கு வழி கேட்காதீர்கள், தெரியாது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து கரிசலை உழுது தங்கிவிட்டவர்களின் வாரிசுகள். வீட்டுக்குள் தெலுங்கு, பள்ளிக்கூடம், பத்திரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழ். பலருக்குத் தெலுங்கு எழுத்து வெறும் ஜிலேபி!

இவர்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லும் நாவல், கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். சென்னாதேவி என்ற அழகி மீது அரசன் கண் வைக்க, குடும்பமே ஊரை விட்டு ஓடி வந்து, காட்டை எரித்து, ஊர் உண்டாக்குகிறது. அந்தப் பழங்கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு அம்மாள் என்கிற பழுத்த கிழவி. காடு எரிகிற பக்கங்களில் நம் முகத்திலும் அனல் அடிக்கும்.

ஆனால், ஒரு சந்தேகம். பாட்டி இதை எந்த மொழியில் சொல்லியிருப்பாள்? தெலுங்கில்தானே! நாம் படிப்பதோ அசல் கரிசல் தமிழ். பெயர்களில் தெலுங்கு வாசம் வீசுகிறது. பாட்டியின் நாக்கு மட்டும் தமிழுக்கு மாறிவிட்டது. அதாவது, இது மூலம் இல்லாத மொழிபெயர்ப்பு. மூலம் கி.ரா.வின் காதில் இருந்தது. 2021 மே மாதம் அதுவும் போய்விட்டது.

இது குற்றச்சாட்டா? பாதிதான். தெலுங்கில் எழுதியிருந்தால் இடைசெவலில் யார் படித்திருப்பார்கள்? ஆனால், இதே கி.ரா. 1982-ல் கரிசல் வட்டாரத் தமிழுக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய வேலை. ஊர் மொழிக்கு அவர் கையால் அகராதி கிடைத்தது. அடுப்படி மொழிக்குக் கிடைக்கவில்லை.

'தெலுங்குக்கு என்ன சார் குறை, கோடிக்கணக்கில் பேசுறாங்களே' என்பீர்கள். அது டி.வி. தெலுங்கு. பருத்திக் காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் தமிழோடு உரசி உரசி வளர்ந்த தெலுங்கு வேறு.

ஆப்பிரிக்காவில் மாதி என்றொரு மொழி. உகாண்டா, தெற்கு சூடான் எல்லையின் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். யுத்தத்தில் அகதிகளாக அலைந்த ஜனங்கள். அந்த மொழிக்காரரான மைரி பிளாக்கிங்ஸ் 2000-ல் அதற்கு ஆங்கில அகராதி செய்தார். 2003-ல் நைஜல் ஃபாப்போடு சேர்ந்து இலக்கணமும் எழுதிவிட்டார். இதற்கு ராஜ்ஜியமோ ராணுவமோ தேவைப்படவில்லை. காது கொடுத்துக் கேட்க ஒருத்தர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டி இருக்கிறாளா? செல்போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள், தப்பில்லை. நாவலெல்லாம் வேண்டாம். முதலில் நாலு வசவு போதும்.