மெல்லிய சாய்வெழுத்து: ஒரு மதிப்பீடு

நூலைப் படிப்போர் சொற்களைக் காண்பர். அச்சொற்களைத் தாங்கி நிற்கும் எழுத்தின் வடிவை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், படிப்பை எளிதாக்குவதும் இடர்ப்படுத்துவதும் அவ்வடிவே. உரோமன் அச்செழுத்துகளுள், முனைக்கோடுகள் இல்லாத மெல்லிய சாய்வெழுத்து இதற்குத் தக்க சான்றாகும்.

சாய்வெழுத்து இத்தாலியில் தோன்றியது. வெனிசு நகரப் பதிப்பாளர் அல்டஸ் மனூட்டியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்தில் வெர்ஜிலின் பாடல்களை 1501ஆம் ஆண்டில் அச்சிட்டார். அறிஞர்தம் விரைவான கையெழுத்தே அவ்வடிவுக்கு மூலம். முனைக்கோடற்ற அச்செழுத்தோ 1816இல்தான் இங்கிலாந்தில் வெளிவந்தது. கையின் ஓட்டத்தைக் காட்டுவது ஒன்று. அவ்வோட்டத்தை நீக்கி எளிமை தேடுவது மற்றொன்று. மாறுபட்ட இவ்விரு இயல்புகளையும் ஓருருவில் இணைப்பதிலேதான் வடிவமைப்பாளரின் திறன் வெளிப்படுகிறது.

எரிக் கில் வடித்து, 1928இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட 'கில் சான்ஸ்' ஒருவழி சென்றது. இலண்டன் சுரங்க இரயிலுக்கு எழுத்து வடித்த எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் பயின்றவர் கில். அவருடைய சாய்வெழுத்தில், சிறிய 'ஏ' மேல்வளைவை இழந்து கையெழுத்து வடிவம் பெறுகிறது. சிறிய 'பீ' இடப்புறம் எழுதுகோல் இழுத்தாற்போன்ற சிறு வாலுடன் நிற்கிறது. 1957இல் வெளிவந்த அட்ரியன் ஃபுருட்டிகரின் 'யூனிவர்ஸ்' வேறுவழி சென்றது. அதன் 46ஆம் எண் வடிவமே மெல்லிய சாய்வு. 4 என்பது கோட்டின் மென்மையையும், 6 என்பது இயல்பான அகலத்தில் அமைந்த சாய்வையும் குறிக்கும். அதில் 'ஏ' தன் உருமாறாமல் சாய மட்டுமே செய்கிறது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? பயனே விடை கூறும். மெல்லிய கோட்டுக்குக் கருமையால் கண்ணை ஈர்க்கும் ஆற்றல் இல்லை. ஆகவே, வரியினிடையே ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வடிவ வேறுபாடு தேவை. அதற்குக் கில்லின் எழுத்தே ஏற்றது. படக்குறிப்பு, அட்டவணைக் குறிப்பு போன்றவற்றில் சீரான தோற்றமே வேண்டப்படும்; அங்கே யூனிவர்ஸ் பொருந்தும். அழைப்பிதழிலும் பெரிய தலைப்பிலும் இரண்டும் எழில் சேர்க்கும். சிற்றளவிலும் மங்கிய படியெடுப்பிலும் இரண்டுமே தோற்கும். அங்கெல்லாம் நூலிழை போன்ற கோடு தேய்ந்து, மாணவர் கண்ணை வருத்தும். எழுத்தறிதலில் இடர்ப்படுவோர்க்குச் சாய்வெழுத்தைத் தவிர்த்துத் தடித்த எழுத்தை ஆளுமாறு பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைப்பதும் கருதத்தக்கது.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தமிழச்சில் சாய்வெழுத்து மரபாக வளர்ந்ததன்று. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழெழுத்து சாயும். ஆனால், ட, ப, ம ஆகியவற்றின் நிமிர்ந்த கோடுகள் நிலைகுலைந்து தோன்றும். உரோமன் சாய்வுக்குப் பின்னே கையெழுத்து மரபு ஒன்று உண்டு. இச்சாய்வுக்குப் பின்னே இருப்பது கருவி மட்டுமே. பயிற்சித் தாளில் ஒரு சொல்லைச் சுட்ட மேற்கோட்குறியும் தடித்த எழுத்தும் போதும். எழுத்தின் அழகு படிப்பவர் கண்ணுக்குத் துணைசெய்வதிலேயே நிறைவு பெறுகிறது.