ஒரே அளவில் இரண்டு அடிகள்

பனி பொழியும் மாலையைப் பாடும் அந்தக் கவிதை பிறந்தது ஜூன் மாதத்தில். 1922இல், ஒரு நீண்ட கவிதையோடு இரவெல்லாம் போராடிய ராபர்ட் ஃப்ராஸ்ட், விடியும் வேளையில் இதை எழுதினார். 1923இல் அச்சேறிய 'ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்', யாப்பு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வாய்ப்பான கவிதை.

காரணம் உண்டு. பதினாறு அடிகள், அடிக்கு நான்கு சீர், எட்டு அசை. அழுத்தமில்லாத அசையை அடுத்து அழுத்தமான அசை என்ற நடை இடறுவதே இல்லை. நாலடிப் பத்திகள் நான்கு. முதல் மூன்றிலும் 1, 2, 4ஆம் அடிகள் இயைபில் ஒன்ற, மூன்றாம் அடி தனித்து நிற்கும். அதன் ஓசையே அடுத்த பத்தியின் இயைபாகும். ஒமர் கய்யாமை 1859இல் ஆங்கிலத்தில் தந்த ஃபிட்ஸ்ஜெரால்டு பிரபலமாக்கிய பாரசீக வடிவத்தை ஃப்ராஸ்ட் சங்கிலியாகக் கோத்திருக்கிறார். தமிழ் வாசகருக்கு அந்தாதி நினைவுக்கு வரும்.

எண்ணிப் பார்ப்பதன் பலன் நான்காம் பத்தியில் தெரிகிறது. அங்கே மூன்றாம் அடியும் மற்றவற்றோடு சேர்ந்துவிடுகிறது. அடுத்த பத்திக்குக் கொடுக்க ஓசை மிச்சமில்லை. அந்தாதியைப்போல முதல் பத்தியின் ஓசைக்கே திரும்பி மண்டலித்து முடித்திருக்கலாம். ஃப்ராஸ்டோ 'உறங்குமுன் போக வேண்டும் பல மைல்' என்ற பொருளுள்ள மூன்றாம் அடியையே நான்காம் அடியாகத் திரும்பச் சொல்லி நிறுத்தினார். இயைபைக் குறித்துப் பார்க்காதவருக்கும் அந்த முடிவு மனத்தில் தைக்கும். ஆனால் அது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வராது.

எண்ணிப் பார்ப்பதன் குறையும் அதே இடத்தில்தான்.

அந்த இரண்டு அடிகளுக்கும் அசைக்குறிகள் ஒன்றே. முதல் முறை அது பயணியின் தூரக்கணக்கு. இரண்டாம் முறை வாழ்நாள் முழுவதையும் பேசுவதாகப் பலருக்குக் கேட்டிருக்கிறது. சிலருக்கு மரணமே கேட்டது. ஃப்ராஸ்ட் அதை ஏற்கவில்லை. அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரண்டே படிகளை அறிந்த அளவுகோலுக்கு இந்த வேறுபாடு எதுவும் பிடிபடாது. யாப்பின் சீரான தாளத்தின் குறுக்கே பேச்சின் தொனி பாய்வதில்தான் கவிதையின் ஓசை இருக்கிறது என்று 1913லேயே நண்பருக்குக் கடிதம் எழுதியவர் ஃப்ராஸ்ட். நேரு தம் கடைசிக் காலத்தில் அந்த நான்காம் பத்தியைக் கைப்பட எழுதி அருகில் வைத்திருந்தார். அவர் அதில் கேட்டது எதுவென்று அசைக்குறி காட்டித்தராது.

அதற்காக யாப்பைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். கடைசி இரண்டு அடிகளையும் மாணவர்கள் முதலில் உரக்கப் படிக்கட்டும். பென்சிலைப் பிறகு எடுக்கலாம்.